எறும்பு வரும் வழி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிஸ்கட் ஃபேக்டரியில் இன்னும் உங்களை மாடிப்படி ஏற வைக்கிறார்களா, இல்லை கீழேயே ஸ்டோருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்துவிட்டார்களா?

என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பீர்கள். என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. "வீட்டுக்கு ஒரு போன் போதாதா?" என்கிறார். அந்த ஒன்று அவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. எழுதி வைத்தால் அவரே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் எறும்பு, அண்ணி. இந்தக் கேரவனில் குடியேறி எட்டு மாதமாகிறது. தொழிற்சாலைக் கூரை போடும் வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இவர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். இதற்கு முன் இருந்த இரண்டு இடத்திலும் இந்தத் தொல்லை இல்லை. இங்கே காலையில் பாத்திரம் தேய்க்க நின்றால் சிங்க்கைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டினதுபோல ஒரு வரிசை. சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு என் தலையணைக்குப் போகிறது. தலையணையில் என்ன இனிப்பு இருக்கிறதோ தெரியவில்லை. வண்டிக்குள் கதவிலிருந்து கட்டில் வரை ஒன்பது அடிதான். அதில் அவை பாதி, நாங்கள் பாதி.

சர்க்கரை மூட்டைகளோடு இருபது வருடம் குப்பை கொட்டியவர் நீங்கள். உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாப்பா

*

பிப்ரவரி 17

அன்புப் பாப்பாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது! நான் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மேசை கேட்டேன், நாற்காலி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பாதி வெற்றி.

எறும்புக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருடச் சண்டை. இதுவரை யாருக்கும் தோல்வியில்லை. ஆனாலும் கற்றதைச் சொல்கிறேன். முதலில், பார்த்த இடத்திலெல்லாம் நசுக்காதே. வருகிற எறும்பு வேலைக்காரி. வீட்டில் ராணி இருக்கிற வரை நீ நசுக்க நசுக்க வந்துகொண்டே இருக்கும். வரிசை போகும் பாதையை வினிகரில் நனைத்த துணியால் துடை. வாசனை அழிந்தால் வழி மறந்துபோகும். பிறகு வெண்காரப் பொடியையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்து, அவை வரும் வழியில் வை. தின்றதும் உடனே சாகாது, வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாரோடும் பங்கு போடும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்.

இதெல்லாம் பாதி வேலை. மீதிப் பாதி வெளியே இருக்கிறது. மத்தியான வெயிலில் கீழே இறங்கி, வண்டியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார். சக்கரத்தில் ஏறுகிறதா, ஜாக்கிக் காலிலா, தண்ணீர்க் குழாயிலா, கரண்ட் ஒயரிலா? கண்டுபிடித்து அந்த இடத்தில் கிரீஸ் தடவு. பக்கத்தில் மரக்கிளை கூரையில் உரசினால் வெட்டச் சொல். பகலில் கதவைத் திறந்து போட்டு வண்டிக்கு வெயில் காட்டு.

என்ன ஏறுகிறது, எங்கே ஏறுகிறது என்று எழுது. தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். நாற்காலி கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

நீங்கள் சொன்னபடி வினிகர் போட்டுத் துடைத்தேன். வண்டி முழுக்க ஊறுகாய் வாசனை. பஞ்சும் வைத்தேன். முதல் நாள் கூட்டம் கூடித் தின்றன. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் நின்றபாடில்லை.

வெளியே பார்க்க இன்னும் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்கிறேன் என்றிருக்கிறார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், சக்கரம் தெரியவில்லை. ஜன்னல் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். அதன் வழியாகத் தெரிவது ஒரு சிமெண்ட் குழாய், ஒரு மண் குவியல், தூரத்தில் கம்பி வேலி. அந்தக் குவியலில் மூன்று நாளாக ஒரு செருப்பு கிடக்கிறது. யாருடையது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பகலில் வேறு வேலை இல்லை, பாருங்கள்.

வெயில் காட்டச் சொன்னீர்கள். அது முடியாதுபோல் இருக்கிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அண்ணி.

அன்புடன்,
பாப்பா

*

மார்ச் 10

அன்புப் பாப்பாவுக்கு,

நான் நலம். உனக்கு உடம்பு சரியில்லையா? காலில் ஏதாவது அடியா? கீழே இறங்கிப் பத்து நிமிடம் பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு? மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு நாள் முழுக்க நின்றபடி லென்ஸ் அளந்த பெண் நீ. உனக்கு எறும்பைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமா?

வெயில் காட்ட ஏன் முடியாது? உன் கடிதத்தில் அந்த ஒரு வரி எனக்குப் புரியவில்லை. புரியும்படி எழுது.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலமா? பாப்பாவுக்கு வேலை அதிகம், அதனால் இந்த முறை நான்.

எறும்புக்கு வைத்தியம் கேட்டால் நீ வக்கீல்மாதிரி குறுக்குக் கேள்வி கேட்கிறாயே! அவள் வெளியே இறங்காததற்குக் காரணம் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது. இது பொட்டல் காடு. ஊர் பேர் தெரியாத ஆட்கள் லாரியில் வந்து போகிற இடம். மூன்று வருடத்துக்கு முன் பழைய வீட்டில் திருடன் புகுந்தானே, மறந்துவிட்டாயா? இவள் கடைக்குப் போன அரை மணி நேரத்தில் நடந்தது அது. இவள் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அவளுக்கு உள்ளே என்ன குறை? கட்டில், அடுப்பு, ஃபேன், பாத்ரூம் எல்லாம் இருக்கிறது. ஒரு நாளாவது நான் அவளை அடித்திருக்கிறேனா? கேட்டுப் பார்.

உன் பஞ்சு வைத்தியத்துக்கு எறும்பு மசியவில்லை. பெரிய புகை டப்பா ஒன்று வாங்கியிருக்கிறேன். வைத்துவிட்டால் ஒரே நாளில் எல்லாம் காலி. நீ கவலைப்படாதே.

அன்புத் தம்பி

*

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

முதலில் புகை. எங்கள் ஸ்டோரில் புகை வைத்தால் ஒரு நாள் முழுக்கப் பூட்டி, அடுத்த நாள் முழுக்கத் திறந்து போடுவோம். ஒரு முறை அந்த நேரம் முடியும் முன்னாலேயே ஒரு லோடுமேன் உள்ளே போய் மயங்கி விழுந்தான். என் கண் முன்னால் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது மைதானம்போல ஒரு கட்டிடம். உன் வண்டி ஒன்பது அடி. தயவுசெய்து அதைக் கொளுத்தாதே. கொளுத்தினால் பாப்பாவை இரண்டு நாள் வேறெங்காவது தங்க வை. என்னிடம் அனுப்பு.

பூட்டைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அதை நேரில் பேசலாம். ஏப்ரல் பத்தாம் தேதி லீவு போட்டிருக்கிறேன், வருகிறேன். இந்தக் கடிதத்தைப் பாப்பாவிடம் காட்டு.

அக்கா

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கம்பெனி ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன், வேறு முகவரி தெரியாததால். போனும் எடுக்கமாட்டேன் என்கிறாய்.

பத்தாம் தேதி வந்தேன். வண்டி நின்ற இடத்தில் ஜாக்கி அழுத்திய நான்கு குழிகள்தான் இருந்தன. சிமெண்ட் குழாய் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கே இருக்கிறீர்கள்? பாப்பா எப்படி இருக்கிறாள்? இரண்டு வார்த்தை அவள் கையால் எழுதச் சொல்.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி பார்க்கவில்லை. இங்கே நிறைய வண்டிகள் நிற்கின்றன. பக்கத்து வண்டியில் ரிட்டையரான ஒரு நர்ஸம்மா இருக்கிறார். ஜன்னல் இடுக்கு வழியாக அவர்தான் பேப்பரும் கவரும் கொடுத்தார். பதிலை அவர் பெயருக்கு, பின்பக்கம் உள்ள முகவரிக்கு எழுதுங்கள்.

நீங்கள் புகையைப் பற்றி எழுதியிருந்ததாக வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

ஏப்ரல் நாலாம் தேதி காலையில் ஜன்னல் இடுக்குகளில் வெளியிலிருந்து டேப் ஒட்டினார். டப்பாவைக் கொளுத்தி வைத்துவிட்டு இருவரும் இறங்கினோம். நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு மண்ணில் கால் வைத்தேன் அண்ணி. மண் குவியல் வரை நடந்துபோய் அந்தச் செருப்பைப் பார்த்தேன். சின்னக் குழந்தையுடையது. மூன்று மணி நேரம் அப்படி இருந்தோம். பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். சிரித்துப் பேசினார். பழைய நாள்போல இருந்தது.

அப்போது சைட்டிலிருந்து போன் வந்தது. கூரைத் தகடு ஏற்ற கிரேன் வந்துவிட்டதாம். கதவைத் திறந்து பத்து நிமிடம் காற்றாட விட்டார். "இப்ப வாசனை போயிடுச்சு, ஏறு" என்றார். "இன்னும் கண் எரியுதே, நான் இங்கேயே உக்காந்திருக்கேனே" என்றேன். "வெட்டவெளியில தனியாவா? பைத்தியமா உனக்கு?" என்றார். ஏறினேன். பூட்டிவிட்டுப் போனார்.

அவசரத்தில் டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டார். ஜன்னல் அசையவில்லை. அரை மணி நேரத்தில் தொண்டை அடைத்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கதவைத் தட்டிக் கத்தினேன். கேட்க யார் இருக்கிறார்கள்? கட்டில்மேல் ஏறி நின்று, கூரையில் காற்றுக்காக வைத்த சின்னத் திறப்பின் மூடியைக் குக்கரால் இடித்து உடைத்தேன். உடம்பு நுழையாது, தலை மட்டும் நுழையும். தலையை வெளியே நீட்டிக்கொண்டு, அவர் வரும் வரை அப்படியே நின்றேன். மத்தியானமும் போய்ச் சாயங்காலமும் வந்தது. தூரத்தில் லாரிகள் போயின. ஒரு டிரைவர் கை காட்டிவிட்டுப் போனான். நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான்.

அவர் வந்து என்னைப் பார்த்ததும் காலில் விழாத குறையாக அழுதார். நிஜமாகவே அழுதார் அண்ணி. மறுநாள் காலையில் கூரைத் திறப்பின்மேல் இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முறுக்கினார். "உடைஞ்ச வழியா எவனாவது உள்ள வந்துட்டா?" என்றார். இரண்டு நாளில் இடம் மாறினோம். "அக்கா வரேன்னு எழுதியிருக்கா. வந்தா தேவையில்லாத கேள்வியெல்லாம் கேப்பா" என்றார்.

நர்ஸம்மா பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழுத வந்ததையே மறந்துவிட்டேன். பழைய எறும்பு செத்துவிட்டது. இப்போது வேறு எறும்பு. பெரியது, வால்பக்கம் பளபளக்கிறது. சர்க்கரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சிங்க்குக்கு அடியில் தினமும் மரத்தூள்மாதிரி கொட்டி வைக்கிறது. கூட்டினால் மறுநாள் மறுபடி இருக்கிறது. இது என்ன எறும்பு?

உங்கள்,
பாப்பா

*

ஜூன் 19

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டோரில் வைத்துப் படித்தேன். அதற்குமேல் வேலை ஓடவில்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

முதலில் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவும் பூட்டுவார். அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். சாவி என் கழுத்தில் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து திறப்பது என் பொறுப்பு. எனக்கு அப்போது பத்து வயது, பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் விளையாட்டுப் புத்தியில் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனேன். திறந்தபோது அம்மா என்னைத் திட்டவில்லை. "வந்துட்டியா கண்ணு" என்றார். அதற்குப் பதில் ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

தம்பியும் உள்ளே கிடந்து வளர்ந்தவன்தானே, அவன் இப்படி ஆகமாட்டான் என்று நினைத்தேன். கல்யாணம் பேசும்போது உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் எப்படிம்மா?" என்று கேட்டார். "கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவான்" என்றேன். அதற்கு முன்பே அவன் ஒரு நாளைக்குப் பத்து முறை எனக்குப் போன் செய்து "எங்க இருக்க, யாரோட இருக்க" என்று கேட்பவன். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அண்ணி என்று கூப்பிட்டு எறும்புக்கு மருந்து கேட்டாய். நான் மருந்து எழுதி அனுப்பினேன். கதவைப் பற்றி முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

நீ ஏன் வேண்டாம் என்றாய் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். அதனால் உன்னையே கேட்கிறேன். வர விருப்பமா, இல்லையா? விருப்பம் என்றால் ஜூன் 29, சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரு பூட்டுக்காரரோடு வந்து நிற்கிறேன். இல்லை என்றால் வற்புறுத்தமாட்டேன், ஆனால் அப்போதும் வந்து உன்னைப் பார்ப்பேன்.

எறும்பைக் கேட்டாய். அது மரத்தைக் குடையும் எறும்பு. நல்ல மரத்தை அவ்வளவாகத் தொடாது. தண்ணீரில் ஊறி உளுத்த மரத்தில்தான் குடியிருக்கும். உன் சிங்க் குழாய் ரொம்ப நாளாக ஒழுகியிருக்கிறது. தரைப் பலகையில் கரண்டிக் காம்பை வைத்து அழுத்திப் பார்.

உன்,
அண்ணி

*

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சனிக்கிழமை வரை இங்கே இருக்கமாட்டோம். வியாழக்கிழமை வண்டியைக் கிளப்புகிறாராம், எங்கே என்று சொல்லவில்லை.

கரண்டிக் காம்பு முழுக்க உள்ளே போகிறது. உருவினால் ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிகிறது.

நர்ஸம்மாவிடம் பஸ் நேரம் கேட்டிருக்கிறேன். வருகிறேன்.

பாப்பா

*

ஜூன் 28

அக்காவுக்கு,

பாப்பா அங்கே வந்தாளா? மறைக்காமல் சொல். நீ போன் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் வந்தேன். பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்தால் உள்ளே ஆள் இல்லை. சிங்க்குக்கு அடியில் தரையையே பெயர்த்திருக்கிறாள். கத்தியும் கரண்டியும் வளைந்து கிடக்கின்றன. உளுத்த பலகையை எல்லாம் வாளியில் அள்ளி வைத்திருக்கிறாள். அந்த ஓட்டையில் ஒரு பூனை நுழையலாம், இவள் எப்படி நுழைந்தாள்? ஓரமெல்லாம் ஆணி. துணி கிழிந்து ஒட்டியிருக்கிறது, ரத்தமும் இருக்கிறது.

நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஒரு நாளாவது அடித்தேனா? அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதானே எல்லாம் செய்தேன்? பக்கத்து வண்டி அம்மா தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீயாவது சொல்.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

வந்தாள். புதன்கிழமை மத்தியானம் ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதுகில் நீளமாக ஆணி கீறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஊசி போட்டார்கள், ஆறு தையல். இப்போது பரவாயில்லை. இதற்குமேல் உனக்குக் கவலை வேண்டாம்.

அடித்தேனா என்று கேட்கிறாய். இல்லை, அடிக்கவில்லை. அப்பாவும் அடித்ததில்லை. நம் அம்மா கடைசிப் பன்னிரண்டு வருடம் கதவு திறந்திருந்தும் வாசல்படி தாண்டவில்லை. அது உனக்கும் தெரியும். அன்றைக்கு நாம் இருவரும் அதை வியாதி என்று சொன்னோம்.

இங்கே வராதே. வந்தால் நான் உன்னை உள்ளே விடமாட்டேன், அவளும் பார்க்கமாட்டாள். வக்கீலிடம் பேசிவிட்டோம், அவர் உனக்கு எழுதுவார். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. உனக்குள் இருக்கும் அந்தப் பயத்துக்கு ஒரு டாக்டரைப் பார். பார்க்கிறேன் என்று சொன்னால் நானே கூட வருகிறேன். நீ என் தம்பி, அது மாறாது. ஆனால் உனக்காக இன்னொரு முறை யாரிடமும் நல்ல வார்த்தை சொல்லமாட்டேன்.

இதை எழுதும்போது அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "அவனுக்கு நீ ஏதாச்சும் எழுதறியா?" என்று பேனாவை நீட்டினேன். வாங்கி மூடியைப் போட்டாள். "ஒண்ணுமில்லைங்க அண்ணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று இறங்கிப் போனாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா